பூவாளியும் இடக்கைத் துவக்கும்

துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தவன், வந்த இடத்தில் காசு கொடுத்துத் துவக்கு வாங்கப் போனால் அவனை என்னவென்று சொல்வது? என் மனைவி ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. எழுதினால் என் மாமனாரின் வளர்ப்பைத்தான் குறை சொல்வார்கள்.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் அவளுடையது. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்கள் முடிகிற சரிவில் எங்கள் வீடு இருந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் ஊர்த் துப்பாக்கிச் சங்கம். ஞாயிறு காலையில் நாங்கள் மிக்சி போட்டால் கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றுத் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாதாம், சட்டமாம். அதே நேரத்தில் எதிரே ‘டப்… டப்’ என்று போய்க்கொண்டிருக்கும். அதற்கு யாரும் இடிக்கமாட்டார்கள்.

“நான் சம்பல் அரைச்சா சத்தம். அவை துவக்குச் சுட்டா சங்கம். இஞ்சாருங்கோ, போய்க் கேட்டுப்போட்டு வாங்கோ,” என்றாள் மனைவி.

போனேன். முறைப்பாடு சொல்லப் போனவன் அங்கத்தவனாகத் திரும்பி வந்தேன். என்ன செய்ய? சங்கத் தலைவர் நல்ல மனிதர். நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு கோப்பை கோப்பியைக் கொடுத்து, “ஒருமுறை சுட்டுப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டார். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா. அடிவிளிம்பில் ஊசி குத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். துவக்கில் கதவுத் தாழ்ப்பாள் போல ஒன்று. இழுத்துத் திறந்து, ஒரு தோட்டாவை வைத்து, தள்ளிப் பூட்டிவிட்டு விசையைத் தொட வேண்டும். தொட்டேன். டப்.

அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்டுத்தான் பழக்கம். செய்து பழக்கமில்லை. மறுபக்கத்தில் நின்று பார்த்தால் அது மிகவும் சின்னச் சத்தம்.

எங்கே பட்டது என்று கேட்காதீர்கள். குறிக்கு வைத்த கடதாசியில் படவில்லை.

ஜெர்மனியில் துவக்கு வாங்குவதைவிடப் பெண் எடுப்பது சுலபம். ஒரு வருடம் ஒழுங்காகச் சங்கத்துக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், இரும்புப் பெட்டி வேண்டும், நீங்கள் நல்லவர் என்று அரசாங்கம் நம்ப வேண்டும். பிறகுதான் துவக்கு வைத்திருக்க அனுமதிக்கும் மஞ்சள் அட்டை. நான் எல்லாம் செய்தேன். பரீட்சையில் தேறினேன். நல்லவன் என்று அரசாங்கம் ஒரு டேர்மினிலேயே, ஒரே சந்திப்பிலேயே, நம்பியது. என் மனைவிக்கு இன்னும் சந்தேகம்.

சுடத்தான் வரவில்லை.

சங்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். நாற்பது வருட அங்கத்தவர், ஊரிலேயே சிறந்த குறிகாரர், நாக்கு அதைவிடக் குறி தப்பாது. கம்பியில் ஓடித் திரும்பி வரும் என்னுடைய கடதாசியை அவர்தான் முதலில் கழற்றுவார். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை பிடித்திருப்பார்.

“நண்பர்களே, இவர் சுடவில்லை. தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கீஸ்கன்னெ!”

கீஸ்கன்னெ என்றால் பூவாளி. பூமரங்களுக்குத் தண்ணீர் தெளிக்கிற வாளி. என் குண்டுகள் அப்படித்தான் சிதறியிருந்தன, மறுக்கவில்லை. அந்த ஞாயிறு முதல் என் பெயர் அதுதான். “பூவாளி வந்துவிட்டதா?” “பூவாளிக்கு ஒரு பியர்!” பகிடி விடுவது என் தொழில். வேலைத்தலத்திலும் கலியாண வீட்டிலும் என்னைக் கண்டால் சனம் சிரிக்கத் தயாராகத்தான் வரும். ஆனால் நான் சொல்லிச் சிரிப்பது வேறு, நானே பகிடியாகி நிற்பது வேறு. ஐம்பது மீற்றர் தூரத்தில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் எல்லாவற்றையும் போட்டு, அந்தக் கிழவரின் வாயை ஒருமுறை மூட வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு மும்முரமாக நான் விரும்பியதில்லை. கலியாணத்தைக்கூட.

வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்த என் மடத்தனத்தைப் பாருங்கள். அவள் நிலத்தில் இருந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

“அந்த மனிசனுக்கு எப்பிடியப்பா தெரிஞ்சது?”

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெர்மன் கழிவறையில் கடதாசிதான் உண்டு, தண்ணீர் கிடையாது. எங்கள் ஆட்கள் கடதாசியை நம்பமாட்டார்கள். ஆகவே இந்த நாட்டில் எந்தத் தமிழ் வீட்டுக் கழிவறைக்குள் போனாலும் கொமட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூவாளி நிற்கும். பிளாஸ்ரிக், பெரும்பாலும் பச்சை. வெள்ளைக்காரர் விருந்துக்கு வந்தால் பக்கத்தில் ஒரு பூச்சாடியைக் கொண்டுபோய் வைத்துவிடுவோம், செடிக்குத்தான் என்று நினைக்கட்டும் என்று. எங்கள் வீட்டுப் பூச்சாடி பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் பூவுக்கு ஏன் தண்ணீர் விடுகிறீர்கள் என்று ஒருமுறை கீழ்வீட்டுக்காரி கேட்டாள். அழுக்குப் படாமலிருக்க என்றாள் என் மனைவி. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

எனவே சங்கத்தில் “பூவாளி!” என்று கூப்பிடும்போதெல்லாம் அவர்கள் தோட்டத்தை நினைத்தார்கள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு பியர் குடித்தேன்.

சங்கத்தின் இரவல் துவக்குத்தான் எனக்குப் பொருந்தவில்லை என்று முடிவு செய்தேன். ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல் என்று நீங்கள் சொல்வீர்கள். மனைவியும் அதைத்தான் சொன்னாள். நான் நகரத்தில் இருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர், பல்வைத்தியர் போல வெள்ளை மேலங்கி. தொடக்கக்காரனுக்கு விலை குறைந்ததாக ஒன்று வேண்டும் என்றேன். நான் ஆசையோடு பார்த்த பளபளப்பான ஒன்றை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். அதில் தோட்டாக்களை நிரப்பிச் செருகும் பெட்டி இருந்தது. “இது வேண்டாம். பத்தை நிரப்பிக் கொடுத்தால் தொடக்கக்காரன் முதலாவதைச் சுடும்போதே இரண்டாவதை நினைப்பான். ஒன்றை வைத்து ஒன்றைச் சுடுகிறதை வாங்குங்கள்.” தூரக்கண்ணாடி கேட்டேன். உங்கள் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை, அந்தக் காசுக்கு நல்ல தோட்டா வாங்குங்கள் என்றார். கனமானதாகப் பாருங்கள், உங்கள் நெஞ்சு அடிப்பது குழலுக்குத் தெரியக்கூடாது. தாழ்ப்பாள் ஒரு விரலால் பூட்ட வேண்டும், உள்ளங்கையால் குத்த வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். விசை மெல்லிய கண்ணாடி உடைகிற மாதிரி விட வேண்டும், சேற்றில் கால் இழுக்கிற மாதிரி அல்ல. மரத்தில் கீறல் என்றால் பேரம் பேசுங்கள், குழல்வாயில் கீறல் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பிறகு என்னைக் குறி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அவர் புருவம் உயர்ந்தது.

“இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு சின்ன ஓட்டை செய்யுங்கள். அதன் வழியாக அந்தக் கடிகாரத்தைப் பாருங்கள். தெரிகிறதா? இடது கண்ணை மூடுங்கள்.”

மூடினேன். கடிகாரத்தைக் காணவில்லை, சுவர்தான் தெரிந்தது.

“ஒரு வருடமாக உங்களுடையதல்லாத கண்ணால் சுட்டிருக்கிறீர்கள்,” என்றார். “நீங்கள் இடதுகைக்காரர்.”

உண்மைதான். நான் பிறவியில் இடக்கை. முதலாம் வகுப்பு வாத்தியார் அதை அடிமட்டத்தால் விரலில் அடித்துத் திருத்தினார். எழுதுவது, சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் சோத்துக்கைக்கு மாறிவிட்டன. இடக்கைக்கு ஒரேயொரு வேலைதான் மிஞ்சியது, அது எதுவென்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் வாத்தியாரின் அடிமட்டம் கைவரைக்கும்தான் எட்டியது. கண் தப்பிவிட்டது.

“அப்படியென்றால் இடக்கைத் துவக்கு ஒன்று தாருங்கள்.”

விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு கலியாணம் செய்யலாம், நல்ல மேளத்தோடு.

“விலை குறைவாகவும் வேண்டும், நல்லதாகவும் வேண்டும், இடக்கைக்கும் வேண்டும் என்றால் ஒரு வழிதான் உண்டு,” என்றார் கடைக்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. “யாராவது சாக வேண்டும். உங்கள் சங்கத்தில் வயதான இடதுகைக்காரர் யாராவது?”

ஒருவர் இருந்தார். ஒரேயொருவர். யாரென்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஞாயிறுதான் அவருடைய துவக்கை ஒழுங்காகப் பார்த்தேன். பழைய ஒற்றைத் தோட்டாத் துவக்கு. வால்நட் மரம், கன்னம் வைக்கும் மேடு வலது பக்கம், தாழ்ப்பாள் இடது பக்கம். நான் பெண் பார்க்கப் போன அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. கிழவர் இருமினார். எனக்கு அந்த இருமல் பிடித்திருந்தது.

அன்று தொடங்கி அவருடைய சுகத்தை நான் விசாரித்த மாதிரி அவருடைய பிள்ளைகளும் விசாரித்திருக்கமாட்டார்கள். நெஞ்சுச் சளி எப்படி? டொக்டர் என்ன சொன்னார்? படியேறும்போது மூச்சு வாங்குகிறதா? கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி சமையலறையில் நின்று பார்த்தாள்.

“அதுக்குள்ளை வேறை ஒண்டும் போடேல்லைத்தானே?”

“சீ! என்ன கதை கதைக்கிறீர்?”

“இல்லை, உங்கடை முகத்தைப் பாத்தா மருந்து குடுக்கப் போற மாதிரி இல்லை. வெட்டுற ஆட்டுக்குக் குழை வைக்கப் போற மாதிரிக் கிடக்கு.”

கிழவரும் மோடர் அல்ல, விஷயத்தைப் பிடித்துவிட்டார். ஒருநாள் போத்தலை வாங்கிக்கொண்டு என் காதருகே குனிந்தார். “மரம் வால்நட், பூவாளி. தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி வழுக்கும். நான் இன்னும் நீண்ட காலம் இருப்பேன்.” பிறகு கொத்தமல்லித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அதற்குப் பிறகு அவருடைய இருமல் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அதிர்ஷ்டம் அப்படி.

இருமல் அவரைக் கொல்லவில்லை. பனிக்காலத்தில் வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றவர் தும்புத்தடியோடு சாய்ந்தார், மாரடைப்பு. சேமக்காலையில், குழிக்குப் பக்கத்தில், சங்கக்காரர் வரிசையில் நின்று மேலே சுட்டு மரியாதை செய்தார்கள். எல்லோரும் பெட்டியைப் பார்த்து அழுதார்கள். நானும் பெட்டியைத்தான் பார்த்தேன். பெட்டி நீளமாக இருந்தது. உள்ளே துவக்கையும் வைத்து அடக்கம் செய்கிறார்களோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

வைக்கவில்லை. ஆனால் அவருடைய மனைவி அதை விற்கிறார் இல்லை என்று சங்கத் தலைவர் சொன்னார். சங்கத்தில் நன்றாகச் சுடுகிற மூன்று பேர் போய்க் கேட்டிருக்கிறார்கள், மூவரையும் வாசலோடு அனுப்பிவிட்டாராம். “நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் தலைவர் இருமினார்.

போனேன். கதவைத் திறந்த கிழவரின் மனைவிக்குச் சின்ன உருவம், வெள்ளைத் தலை, துடைத்த கண்ணாடி மாதிரி ஒரு முகம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என் கணவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?”

“பூவாளி என்று.”

“நீங்கள்தானா அது!” முகம் மலர்ந்துவிட்டது. “உள்ளே வாருங்கள், வாருங்கள்.”

கோப்பி தந்தார். சோத்துக்கையால் வாங்கினேன். கேக் தந்தார், சோத்துக்கையால் வாங்கினேன். தொலைபேசி இலக்கத்தை எழுதித் தரச் சொன்னார், சோத்துக்கையால் எழுதினேன். ஒரு பெரியவர் கையிலிருந்து இடக்கையால் வாங்க எனக்கு வராது. ஒவ்வொன்றையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

“நீங்கள் அழகான கைக்காரர்,” என்றார். அந்தக் காலத்து ஜெர்மனியில் வலது கையை அழகான கை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். “என் கணவருக்கும் பள்ளியில் அடித்துப் பார்த்தார்கள். திருந்தவில்லை. இந்தத் துவக்கு இடதுகைக்காரருக்குச் செய்தது, உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“இதை வைத்து உங்களால் எதையும் சுட முடியாது.”

நான் பேசவில்லை. பொய் சொல்லவுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வமான சம்பவம்.

அவர் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு ஞாயிறும் சங்கம். ஞாயிறு பின்னேரம் சமையலறை மேசையில் துணி விரித்து, துவக்கைக் கிடத்தி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி எண்ணெய் பூசுவது. “என் கைகள் பனியில் வெடித்தபோது எண்ணெய் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. முன்பும் அமைதிதான். ஆனால் அப்போது ஒருவர் எதிரே இருந்து என்னோடு அமைதியாக இருந்தார்.” கோப்பியைக் கலக்கினார். “நல்ல குறிகாரன் யாருக்கும் இதைக் கொடுக்கமாட்டேன். சங்கத்திலேயே மிக மோசமானவனிடம் இது போக வேண்டும். அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் ஞாயிறுக்கு ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும். வசந்தகாலத் தொடக்கப் போட்டியில் நீங்கள் இதைக்கொண்டு சுடுங்கள், நான் வந்து பார்க்கிறேன். எனக்குத் திருப்தி என்றால் அங்கேயே விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.”

கேட்ட விலை ஒரு நல்ல சைக்கிளின் விலை.

துவக்கைப் பார்க்கத் தந்தார். சோத்துக்கையால்தான் வாங்கினேன். தாழ்ப்பாள் ஒரு விரலால் பூட்டியது. விசை கண்ணாடி மாதிரி உடைந்தது. குழல்வாயில் ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் சொன்ன அத்தனையும் அதில் இருந்தன, செத்த மனிதர் உட்பட.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே வழியைச் சொன்னாள்.

“ஒரு நாளைக்குப் பிழையாச் சுடுங்கோவன். உங்களுக்கு அது கஷ்டமே?”

அதுதான் திட்டம். ஒரு ஞாயிறு பூவாளியாக இருந்துவிட்டால் துவக்கு என்னுடையது. அடுத்த ஞாயிறு பெயரைக் கழுவிக்கொள்ளலாம்.

அந்த நாள் வந்தது. சங்க மண்டபத்துக்கும் சுடும் இடத்துக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் கிழவரின் கூட்டாளிகள் பியரோடு, அவர்களுக்கு நடுவில் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா. துவக்கை நான் தூக்கியதும் உள்ளே சிரிப்பு. கண்ணாடி தடிப்பு, ஆனாலும் ‘கீஸ்கன்னெ’ கேட்டது.

குப்புறப் படுத்தேன். இடது தோளில் வைத்தேன். இடது கன்னம் மரத்தில் போய் இருந்தது. எப்படிச் சொல்ல? எனக்கென்று வெட்டி வைத்த மரம். நாற்பது வருடம் ஒருவரின் கன்னம் தேய்த்த பள்ளத்துக்குள் என் கன்னம் இருந்தது. இடது கண்ணில் உலகம் ஒரு சின்ன வட்டமாகி நின்றது. ஆடவில்லை. முதல் தோட்டாவை ஓரத்தில் விடு என்று எனக்கு நானே சொன்னேன். கேட்கவில்லை. விரல் கேட்கவில்லை. ஆறு வயதில் அடி வாங்கிய கை அது. இத்தனை வருடம் கழுவுகிற வேலையைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல் வைத்திருந்தேன். இப்போது போய் என் சொல்லைக் கேள் என்றால்?

எல்லாத் தோட்டாக்களும் முடிந்ததும் கடதாசி கம்பியில் ஓடி வந்தது. சங்கத் தலைவர் கழற்றி, பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் எல்லாம் சேர்ந்து ஒரேயொரு கிழிசல், ஒரு சதக்காசால் மூடிவிடலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் குடிக்கவில்லை.

அந்த அம்மா எழுந்து வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

“அவரைப் போலவே படுக்கிறீர்கள்,” என்றார். “முழங்காலை மடக்குகிறதுகூட.” துவக்கை என் கையிலிருந்து எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். “கோப்பியை வலது கையால் வாங்கினீர்கள். என்னை ஏமாற்றினீர்கள். இன்னொரு அவருக்கு நான் இதைக் கொடுக்கமாட்டேன்.”

பெட்டியின் பூட்டு ‘கிளிக்’ என்றது. என் துவக்கு போகிறது. யாராவது ஒரு வியாபாரி வாங்குவான், வேறொரு இடக்கைக்காரன் அந்தப் பள்ளத்தில் கன்னம் வைப்பான். நான் திரும்பவும் சோத்துக்கைப் பக்கம் புரண்டு படுக்க வேண்டும்.

“ஏமாற்றவில்லை,” என்றேன். “எங்கள் ஆட்கள் இடது கையால் எதையும் வாங்கமாட்டார்கள். அது மரியாதையில்லை.”

“ஏன்?”

“அந்தக் கைக்கு வேறு வேலை.”

“என்ன வேலை?”

அந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் சொன்னேன். கடதாசி பற்றியும் தண்ணீர் பற்றியும் சொன்னேன். தண்ணீரை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

பிறகு அவர் வாயைக் கையால் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறினேன்.

“அந்தக் கையாலா,” என்றார் மூச்சு வாங்கி, “அந்தக் கையாலா இனி ஞாயிறுக்கு ஞாயிறு இதைப் பிடிப்பீர்கள்? அவருடைய வால்நட்டை?”

“ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

விற்பனைத் தாளை விரித்துப் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்துவிட்டு நிறுத்தினார். துடைத்த கண்ணாடி முகம் திரும்பவும் வந்துவிட்டது. “உள்ளே போய் அவருடைய கூட்டாளிகளுக்கு இதைச் சொல்லுங்கள். எனக்குச் சொன்ன மாதிரியே. வாளியையும் விடாமல். பிறகு போடுகிறேன்.”

கண்ணாடி வழியே பார்த்தேன். அவர்கள் என் கடதாசியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு வருடமாக நான் காத்திருந்த பார்வை அது, கிடைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தேன்.

உள்ளே போய், தொண்டையைச் செருமி, சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பகிடி என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய எனக்குத் தெரியாது, பூச்சாடியையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவர் கதிரையோடு பின்னால் விழுந்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கையெழுத்தைப் போட்டார்.

பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தாள்.

“என்ன, பிழையாச் சுட்டியளோ, சரியாச் சுட்டியளோ?”

“சரியாத்தான் சுட்டனான்.”

“அப்ப ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?”

சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதன்முறையாக அவள் சிரிக்கவில்லை. ஒரு வசனம்தான் சொன்னாள். “இனி அவங்கள் ஆரும் என்ரை கையாலை ஒரு வடை வாங்கிச் சாப்பிடுவாங்களே?”

அதற்குப் பிறகு நான் சங்கத்தின் அணியில் சேர்ந்தேன், நன்றாகவும் சுட்டேன். பெயர் மாறவில்லை. முன்பு குறி தப்பியதால் பூவாளி, இப்போது தப்பாததால் பூவாளி. அந்த வருடக் கடைசியில் சிறந்த தொடக்கக்காரனுக்கு வெள்ளிக் கோப்பை என்று சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். கோப்பை இல்லை. நாடா கட்டிய ஒரு பூவாளி, பச்சை நிறம். யார் காசு போட்டு வாங்கியது என்று கேட்கவில்லை. முன்வரிசையில் கேக் தட்டோடு இருந்தவரைப் பார்த்தாலே தெரிந்தது. இடக்கையை நீட்டி வாங்கினேன். கை கொடுக்க ஒருவரும் வரவில்லை.

அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கே என்று உங்களுக்குத் தெரியும். பழையதைவிட நல்லது, ஒழுகாது. மூக்கு நீளம். குறி தப்புவதேயில்லை.